வித்துப் பயறுகளுக்கு மண் தூள் காப்பு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறத்திலுள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே மழை மிகுதியாகப் பெய்கிறது. அம்மழைக்கு விதைக்க விரும்பும் விவசாயிகள், முன் அறுவடையில் ஒதுக்கிய உளுந்து, பாசிப்பயறு, துவரை ஆகிய வித்துக்களைப் பல மாதங்கள் வீட்டிலேயே காக்க வேண்டியிருக்கிறது. விதைக்கும் நாளில் பானையைத் திறக்கையில் மணிதோறும் துளை காணப்படுமாயின், உழுத நிலமும் பெய்த மழையும் வீணாகும்.

இச்சேதத்தை விளைவிப்பது பயறு வண்டு. இது வயலில் முற்றிய காய்களிலேயே முட்டையிடத் தொடங்கி, மணிகளோடு வீடு வந்து சேருகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு மணிக்குள் குடைந்து சென்று பருப்பைத் தின்று, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளிவந்து, மீண்டும் மணிகளின்மேல் முட்டையிடுகிறது.

துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்தி வைப்பது நம் முன்னோர் வழக்கம். மண் தூள் பூச்சியைக் கொல்வது நஞ்சினால் அன்று. பூச்சியின் தோல்மேல் மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று உண்டு; உடலின் ஈரம் வெளியேறாமல் அது காக்கிறது. நுண்ணிய தூள் அப்படலத்தைச் சுரண்டியும் உறிஞ்சியும் அழிப்பதால் பூச்சி உலர்ந்து மடிகிறது. இங்கிலாந்து தேசத்து அறிஞர் விக்கிள்ஸ்வொர்த் இதனை 1940-களில் ஆராய்ந்து விளக்கினார். பின்னர் மைசூரில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தார், வெண்களிமண்ணைப் பக்குவம் செய்து உறிஞ்சும் சக்தியை மிகுவித்த தூளைத் தானியங்களில் பரிசோதித்தனர்.

உபயோகிக்கும் முறை வருமாறு: பயறு நன்கு காய்தல் முதற்காரியம். பல்லால் கடித்தால் ஓசையுடன் உடையும்வரை வெயிலில் உலர்த்தி, தூற்றி, சூடு ஆறவிட வேண்டும். பிறகு 100 கிலோ வித்துக்கு 1 கிலோ வீதம் பக்குவம் செய்த வெண்களிமண் தூளை எல்லா மணிகளிலும் படியுமாறு கலந்து, ஈரமற்ற புதுச் சாக்கிலோ பானையிலோ நிரப்பி, தரையில் படாமல் பலகைமேல் வைக்க வேண்டும். அறுவடை முடிந்தவுடனே கலத்தல் அவசியம். மணிக்குள் புகுந்துவிட்ட புழுவைத் தூள் எட்டாது.

தூள் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அதன் சக்தி குன்றும். ஆகையால் மழைக்காலத்தில் ஒழுகும் கூரையின்கீழ் வைத்தல் கூடாது. வீட்டுச் சுவரின் வெடிப்புகளில் எறும்பு, கரப்பான் ஆகியவற்றிற்குத் தூவும்போதும் இவ்விதியே பொருந்தும். கலப்பவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். தூளைச் சுவாசித்தல் நுரையீரலுக்குத் தீங்கு. வித்தில் மிஞ்சியதைச் சமைக்க நேர்ந்தால், புடைத்துப் பன்முறை கழுவிய பின்னரே உபயோகிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் பலர் தானியத்தில் தூவிய பி.எச்.சி. என்னும் நச்சுத்தூள், இந்தியாவில் 1997-இல் தடைசெய்யப்பட்டது. பழைய பொட்டலம் எவர் வீட்டிலேனும் எஞ்சியிருந்தால் அதனைத் தானியத்தின் அருகே கொண்டுவரலாகாது என்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துரைத்தல் நலம். செலவு குறைந்த இம்முறையை விவசாயிகள் இவ்வறுவடையிலேயே சிறிதளவு வித்தில் கையாண்டு, தூள் கலவாத வித்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.