இரு பாசறைகளை இணைத்த பாடகர்

ஒரு பாடகரின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது? கச்சேரிக்குக் கூடிய கூட்டத்தைக் கொண்டா? விற்பனையான இசைத்தட்டுகளின் கணக்கைக் கொண்டா? அப்படி அளப்பதாயின், அமெரிக்க தேசத்துக் கிராம் பார்ஸன்ஸைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இராது. அவர் உயிரோடிருந்த காலத்தில் அவருடைய இசைத்தட்டு ஒன்றாவது அமோகமாக விற்றதில்லை. 1973-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 19-ந் தேதி, இருபத்தாறே வயதில் அவர் காலமானார். ஆயினும், அதற்கப்புறம் பிறந்த பாடகர்கள்கூட அவருடைய பெயரை நன்றியோடு சொல்லிப் பாடி வருகிறார்கள். இந்த விந்தைக்குக் காரணம் யாது?

ஒரு தாய் மக்கள்

காரணத்தை அறிய வேண்டுமானால், 1960-ஐ அடுத்த வருஷங்களில் அமெரிக்க சங்கீதம் இருந்த நிலையைச் சற்றே கவனிக்க வேண்டும். அந்நாட்டின் தென் மாகாணங்களில் வேரூன்றிய 'கன்ட்ரி' சங்கீதம், ஏழை எளியவர்களின் சங்கீதம். ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் கொண்டுவந்த கதைப் பாடல்களும் பிடிலும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பாஞ்சோ வாத்தியமும் சோக கீதங்களும் கலந்து உருவானது அது. உழைப்பவனின் களைப்பு, மதுவினால் குலைந்த குடும்பம், பிறந்த ஊரைப் பிரிந்த ஏக்கம், மாதா கோயிலின் பக்தி - இவையே அதன் விஷயங்கள். மின்சாரக் கிடாரின் முழக்கத்தோடு எழுந்த 'ராக்' சங்கீதமோ, வாலிபர்களின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது.

இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. எனினும் வியட்நாம் யுத்தம் நடந்த காலத்தில் அவை இரண்டு பகைப் பாசறைகளாகவே பிரிந்து நின்றன. நீண்ட தலைமயிர் வளர்த்து, யுத்தத்தை எதிர்த்த வாலிபர்கள் 'ராக்' பாசறையில் இருந்தார்கள். தேசத்தின் கொடியையும் பழைய ஒழுக்கங்களையும் போற்றியவர்களில் பெரும்பாலோர் 'கன்ட்ரி' பாசறையில் இருந்தார்கள். ஒருவர் பாட்டை மற்றவர் கேட்பதே கௌரவக் குறைவு என்று நினைத்த காலம் அது. அந்தக் காலத்திலேதான் கிராம் பார்ஸன்ஸ் தோன்றினார்.

செல்வத்தில் பிறந்த துயரம்

1946-ஆம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி பிளாரிடா மாகாணத்தில் அவர் பிறந்தார். ஜார்ஜியா மாகாணத்திலுள்ள வேக்ராஸ் என்ற ஊரில் வளர்ந்தார். தாயாரின் குடும்பம் ஆரஞ்சு முதலிய பழத் தோட்டங்களால் பெருஞ்செல்வம் சேர்த்தது. ஆனால் செல்வம் வீட்டிற்குள் சாந்தியைக் கொண்டுவரவில்லை. 1958-ஆம் வருஷம், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னதாக, தகப்பனார் தற்கொலை செய்துகொண்டார். 1965-இல், மகன் பள்ளிப் படிப்பை முடித்த அதே நாளில், மதுவினால் உடல் கெட்டிருந்த தாயார் மரணமடைந்தார். 'பார்ஸன்ஸ்' என்பதுகூட, தாயார் மறுமணம் செய்துகொண்ட கணவரின் பெயர்தான்.

பழத்தோட்ட அதிபரின் பேரனுக்கு ஏழைகளின் பாட்டுப் பாட என்ன உரிமை என்று சிலர் கேட்டதுண்டு. பணம் அவர் குடும்பத்தில் இருந்தது வாஸ்தவம். அந்தப் பாட்டுகள் சொல்லும் துயரமும் அங்கே இருந்தது வாஸ்தவம்.

1956-இல் எல்விஸ் பிரெஸ்லி வேக்ராஸுக்கு வந்து பாடியபோது, ஒன்பது வயதுச் சிறுவன் அதைக் கேட்டான். அன்று முதல் சங்கீதமே அவன் வாழ்வாயிற்று. 1965-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் சேர்ந்தவர், சில மாதங்களுக்குள் அதை விட்டு வெளியேறி, ஒரு கோஷ்டி அமைத்துப் பாடத் தொடங்கினார்.

நாஷ்வில் மேடை

1968-ஆம் வருஷத் தொடக்கத்தில், அப்போதே புகழ் பெற்றிருந்த 'பேர்ட்ஸ்' என்னும் ராக் கோஷ்டியில் அவர் சேர்ந்தார். சேர்ந்து சில வாரங்களுக்குள் அந்தக் கோஷ்டியையே கன்ட்ரி சங்கீதத்தின் பக்கம் திருப்பி, டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகருக்கு அழைத்துச் சென்றுவிட்டார். நாஷ்வில், கன்ட்ரி சங்கீதத்தின் தலைநகரம். 1925 முதல் வானொலியில் நடந்துவரும் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற கச்சேரி, அந்நாளில் அங்கே ரைமன் மண்டபத்தில் நடந்து வந்தது. மத கூட்டங்களுக்காகக் கட்டப்பட்ட அந்த மண்டபத்தை ரஸிகர்கள் கோயிலாகவே பாவித்தார்கள்.

மார்ச்சு மாதம் 15-ந் தேதி அந்த மேடையில் பேர்ட்ஸ் கோஷ்டியார் ஏறினார்கள். ராக் பாசறையிலிருந்து வந்தவர்களைக் கண்டதும் சபையில் சிலர் ஏளனம் செய்தார்கள். பார்ஸன்ஸ், பாடுவதாக அறிவிக்கப்பட்டிருந்த பாட்டை விட்டுவிட்டு, பிறந்த மண்ணை நினைந்து ஏங்கும் 'ஹிக்கரி விண்ட்' என்ற பாட்டைத் தம் பாட்டியாருக்குச் சமர்ப்பணம் செய்து பாடினார். சொன்னது ஒன்று, பாடியது ஒன்று என்று கச்சேரியை நடத்தியவர்கள் கோபங்கொண்டார்கள்.

அந்த ஆகஸ்டு மாதத்தில் 'ஸ்வீட்ஹார்ட் ஆப் தி ரோடியோ' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. கன்ட்ரி ரஸிகர்கள் அதை ஏற்கவில்லை. ராக் ரஸிகர்களோ திகைத்தார்கள். பழைய ஒப்பந்தத் தகராறு ஒன்றினால், பார்ஸன்ஸ் பாடிய சில பாட்டுகளை அழித்து வேறொருவர் குரலைப் பதிய வேண்டியும் வந்தது. தட்டு வெளிவருவதற்கு முன்பே அவர் கோஷ்டியை விட்டுப் பிரிந்தார். தென்னாப்பிரிக்காவில் நிறத்தின் பேரால் மனிதரைப் பிரித்துவைக்கும் கொடுமை நடக்கிறது, ஆகையால் அங்கே கச்சேரிக்கு வரமாட்டேன் என்பது அவர் சொன்ன காரணம். லண்டனில் புதிதாகக் கிடைத்த 'ரோலிங் ஸ்டோன்ஸ்' கோஷ்டியாரின் நட்பே உண்மைக் காரணம் என்று கூட்டாளிகள் சந்தேகித்தார்கள்.

கால் மிதியும் கமகமும்

இரண்டு சங்கீதங்களையும் கலக்க முதன் முதலில் முயன்றவர் அவர்தாம் என்று சொல்வது நியாயமாகாது. அவருக்கு முன்பே பாப் டிலன் நாஷ்வில் சென்று இசைத்தட்டுப் பதித்திருக்கிறார். பார்ஸன்ஸின் தனிச் சிறப்பு வேறு. கன்ட்ரி சங்கீதத்தை அவர் வேடிக்கைப் பொருளாகவோ, மேலுக்குத் தூவும் வாசனையாகவோ கொள்ளவில்லை. அதை முழு மனத்தோடு நம்பிப் பாடினார்.

1969-இல் 'பிளையிங் பரிட்டோ பிரதர்ஸ்' என்ற தம் புதிய கோஷ்டியோடு அவர் வெளியிட்ட 'தி கில்டட் பாலஸ் ஆப் ஸின்' என்ற தட்டு இதற்குச் சாட்சி. அதில் முதன்மையாக ஒலிப்பது பெடல் ஸ்டீல் கிடார். நமது கோட்டு வாத்தியத்தைக் கேட்டவர்கள் இதை எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். கிடையாக வைத்த தந்திகளின் மேல் எஃகுத் துண்டு ஒன்றை வழுக்கிக்கொண்டே வாசிப்பார்கள். கூடவே காலால் மிதிகளை அழுத்தித் தந்தியின் ஸ்வரத்தை ஏற்றியும் இறக்கியும் கமகம்போல் குழைப்பார்கள். அழுகை தோய்ந்த அந்த நாதத்தை மின்சாரக் கருவியின் கரகரப்போடு சேர்த்தார், அக்கோஷ்டியின் வாத்தியக்காரர் பீட் கிளைனோ. நீக்ரோப் பாடகர்கள் பாடிப் புகழ் பெற்றிருந்த இரண்டு பாட்டுகளும் கன்ட்ரி முறையில் அதே தட்டில் இடம் பெற்றன. அமெரிக்க ஜனங்களின் பாட்டெல்லாம் ஒன்றே என்பது பார்ஸன்ஸின் கொள்கை. 'காஸ்மிக் அமெரிக்கன் மியூஸிக்', அதாவது பிரபஞ்ச அமெரிக்க சங்கீதம், என்று அதற்கு அவர் பெயரிட்டிருந்தார்.

சிஷ்யையின் குரல்

1971-இல் வாஷிங்டன் நகருக்கு வந்தவர், அங்கே சிறு விடுதிகளில் பாடி வந்த எம்மிலூ ஹாரிஸ் என்ற இளம் பெண்மணியைச் சந்தித்தார். அடுத்த வருஷம் தம் இசைத்தட்டில் கூடப் பாட அவரை அழைத்தார். எல்விஸ் பிரெஸ்லியின் பக்கவாத்தியக்காரர்களையே அந்தத் தட்டிற்கு அமர்த்திக்கொண்டார். வேக்ராஸில் கேட்ட சிறுவனின் கனவு பலித்தது!

அவ்விருவரும் பாடிய முறையைச் சிறிது விளக்க வேண்டும். இருவரும் ஒரே சொல்லை ஒரே சமயத்தில், ஆனால் வெவ்வேறு ஸ்வரத்தில் பாடுவார்கள். மேல் ஸ்தாயிக் குரல், கீழ்க் குரலை விட்டு விலகாமலும் அதனோடு கலந்துவிடாமலும் நிழல்போல் தொடரும். சகோதரர்களான லூவின் என்னும் பாடகர்கள் இதில் வல்லவர்களாயிருந்தார்கள். அம்முறையைப் பார்ஸன்ஸ் எம்மிலூவுக்குப் பழக்கினார். நடுங்கும் அவர் குரலுக்கு, தெளிந்த எம்மிலூவின் குரல் ஊன்றுகோலாயிற்று. 1973-இல் 'ஜி. பி.' என்ற தட்டு வெளிவந்தது. 'கிரீவஸ் ஏஞ்சல்' என்ற அடுத்த தட்டு, அவர் மறைந்த பின் 1974-இல்தான் வந்தது.

மார்பியாவும் மதுவும் அவரைக் கொன்றுவிட்டன. கலிபோர்னியாப் பாலைவனத்தின் ஓரத்தில், ஜாஷுவா ட்ரீ என்ற இடத்து விடுதி அறையில் அவர் உயிர் பிரிந்தது. பாலைவனத்தில் எரித்துவிடும்படி அவர் சொல்லியிருந்ததால், நண்பர் இருவர் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேதத்தைக் கடத்திச் சென்று தீ மூட்டினார்கள். அபராதத்தோடு அவ்விருவரும் தப்பினார்கள். இந்தக் கதையை ருசித்துச் சொல்வோர் பலர். உண்மையில் ருசிக்க என்ன இருக்கிறது? பெற்றோரின் துயரத்தைப் பாட்டாக மாற்றக் கற்ற ஒருவர், அவர்களை அழித்த பழக்கத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளக் கற்கவில்லை. அவ்வளவே.

வழிவந்த செல்வம்

எஞ்சியதைக் காத்தவர் எம்மிலூ ஹாரிஸ். துக்கத்தோடு அவர் ஒதுங்கிவிடவில்லை. 1975-இல் 'பீஸஸ் ஆப் தி ஸ்கை' என்ற தட்டை வெளியிட்டார். அதில் அவர் பாடிய லூவின் சகோதரர்களின் பழைய பாட்டு ஒன்று, கன்ட்ரி ரஸிகர்களிடையே பெரு வெற்றி பெற்றது. ஆசானுக்குத் திறக்காத கதவு மாணாக்கிக்குத் திறந்தது! நாஷ்வில் 2008-இல் தன் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் அளித்தது. கச்சேரிதோறும் பார்ஸன்ஸின் பாட்டுகளைப் பாடி, பிறர் பாடவும் அவர் வழி செய்தார். 1999-இல் பலர் கூடி அப்பாட்டுகளைப் பாடிய நினைவுத் தட்டு ஒன்று வெளிவருவதற்கும் துணை நின்றார்.

வேறு வழிகளிலும் வித்துப் பரவியது. பரிட்டோ கோஷ்டியில் வாசித்த பெர்னி லெடன், பின்னர் 'ஈகிள்ஸ்' கோஷ்டியை நிறுவியவர்களில் ஒருவரானார். 1976-இல் வெளியான அவர்களுடைய தொகுப்பு, அமெரிக்காவிலேயே மிக அதிகமாக விற்ற தட்டுகளில் ஒன்று. இங்கிலாந்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியின் கீத் ரிச்சர்ட்ஸ், கன்ட்ரி சங்கீதத்தின் நுட்பங்களைப் பார்ஸன்ஸிடம் அறிந்ததாகச் சொல்லியிருக்கிறார். 1981-இல் எல்விஸ் காஸ்டெல்லோ என்ற ஆங்கிலப் பாடகர் நாஷ்வில் சென்று பார்ஸன்ஸின் பாட்டுகளைப் பதித்தார். 2012-இல் ஸ்வீடன் தேசத்துச் சகோதரிகள் இருவர், கிராமையும் எம்மிலூவையும் பெயர் சொல்லி ஒரு பாட்டே பாடினார்கள்.

பரிட்டோ கோஷ்டியில் பார்ஸன்ஸ் அணிந்த, பூவேலை செய்த உடுப்பு பிற்காலத்தில் நாஷ்வில் காட்சிசாலையிலேயே வைக்கப்பட்டது. ஏளனம் செய்த நகரமே அவரை நினைவில் வைக்க வேண்டியதாயிற்று. சந்தையில் ஒரு பாட்டு இன்று விலைபோகவில்லை என்பதற்காக அதை மதிப்பற்றதென்று தள்ளிவிடலாகாது. அதை உள்ளன்போடு கற்றுக்கொள்ள ஒரு ஜீவன் கிடைத்தால் போதும், பாட்டு பிழைத்துவிடும். கிராம் பார்ஸன்ஸுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார்.