பழைய வெப்லியா, புது வெப்லியா? பேரில் இல்லை விஷயம்... பூட்டிலும் பேப்பரிலும் இருக்கு!

வெள்ளிமலை:-

தேர்தல் தேதி அறிவித்த உடனே, லைசென்சு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வரும். கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அதே நடைமுறை தான்.

துப்பாக்கி பேச்சு வந்தாலே இரண்டு கட்சி கிளம்பி விடும். "வெள்ளைக்காரன் காலத்து ரிவால்வர் மாதிரி வருமா?" என்பது ஒரு கட்சி. "நூறு வருஷத்து பழசை வச்சுகிட்டு என்ன பண்றது? புதுசு தான் நம்பலாம்" என்பது இன்னொரு கட்சி.

இந்த சண்டைக்கு எண்ணெய் ஊற்றியது 2020-ம் ஆண்டு வந்த ஒரு அறிவிப்பு. வெள்ளைக்கார போலீஸ் அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய வெப்லி ரிவால்வர், இந்தியாவிலேயே மறுபடியும் தயாராகிறது என்பது தான் அது.

அப்படியானால் பழசு நல்லதா, புதுசு நல்லதா? விவரம் வருமாறு:-

வெப்லி வந்த கதை

வெப்லி அண்டு ஸ்காட் என்பது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரை சேர்ந்த துப்பாக்கி கம்பெனி. இந்த கம்பெனியின் ரிவால்வரை 1887-ம் ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு இரண்டு உலகப் போரிலும் வெப்லி தான் அதிகாரிகளின் கைத்துப்பாக்கி. இந்திய போலீசிடமும் அது வந்து சேர்ந்தது.

ரிவால்வர் என்றால் சுழலும் உருளை கொண்ட துப்பாக்கி. உருளையில் 6 ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு தோட்டா. குதிரையை இழுத்தால் உருளை ஒரு ஓட்டை நகர்ந்து குழலுக்கு நேராக நிற்கும். சுத்தி போய் தோட்டாவின் பின்பக்கம் அடிக்கும். அவ்வளவு தான்.

வெப்லியில் ஒரு தனி வசதி உண்டு. மேலே உள்ள கொக்கியை கட்டை விரலால் தள்ளினால், துப்பாக்கி நடுவில் மடிந்து குழல் கீழே சாயும். சுட்டு முடித்த 6 காலி தோட்டாவும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளப்படும். இந்த மடக்கு அமைப்பு தான் வெப்லியின் அடையாளம்.

தமிழ்நாட்டில் 'ரிவால்வர்' என்ற சொல் வீட்டுக்கு வீடு போய் சேர்ந்தது 1967-ம் ஆண்டு ஜனவரி 12-ந்தேதி. அன்று தான் சென்னை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. எம்.ஆர்.ராதாவுக்கு சிறை தண்டனை கிடைத்தது. அதன் பிறகு எம்.ஜி.ஆரின் குரலே மாறிப்போனது என்பது குறிப்பிடத்தக்கது.

கான்பூர் வாரிசு

1980-களின் நடுவில் வெளிநாட்டு துப்பாக்கி இறக்குமதிக்கு மத்திய அரசு கடும் கட்டுப்பாடு போட்டது. அதனால் பொதுமக்கள் கையில் உள்ள வெளிநாட்டு ரிவால்வர்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே இங்கு வந்து சேர்ந்தவை. புதுசு வராது என்பதால் பழசுக்கு விலை எகிறியது. இங்கிலாந்து முத்திரை இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை என்று ஆகிவிட்டது.

அந்த இடைவெளியில் வந்தது தான் உத்தரபிரதேச மாநிலம் கான்பூர் சிறு ஆயுத தொழிற்சாலையின் பாயிண்ட் 32 ரிவால்வர். இதுவும் நடுவில் மடியும் ரகம். வெப்லி அமைப்பை ஒட்டியே செய்யப்பட்டது.

அது ஏன் பாயிண்ட் 32? போரில் வெள்ளைக்காரன் வைத்திருந்தது பாயிண்ட் 38, பாயிண்ட் 455. இந்த அளவு கைத்துப்பாக்கிகள் நம் நாட்டு சட்டப்படி பொதுமக்களுக்கு தடை செய்யப்பட்டவை. அதனால் அதே உடம்பில் சின்ன தோட்டா போடும்படி மாற்றினார்கள். பாயிண்ட் 32 குண்டின் குறுக்களவு சுமார் 8 மில்லி மீட்டர். வேகமும் குறைவு. மடக்கு துப்பாக்கியின் கீலுக்கும் கொக்கிக்கும் இந்த மிதமான தோட்டா ஒத்துப்போகும்.

2014-ம் ஆண்டு கான்பூரில் உள்ள அரசு தொழிற்சாலை, பெண்களுக்காக 'நிர்பீக்' என்ற சுமார் 500 கிராம் எடையுள்ள ரிவால்வரை கொண்டு வந்தது. விலை ரூ.1 லட்சத்து 22 ஆயிரத்து 360. "இந்த விலையில் எந்த ஏழைப்பெண் வாங்குவாள்?" என்று அப்போதே கேள்வி எழுந்தது. 2023-ம் ஆண்டு 'பிரபல்' வந்தது. இது மடியாது. உருளை மட்டும் பக்கவாட்டில் வெளியே வரும். 50 மீட்டர் வரை சுடலாம் என்று அறிவிக்கப்பட்டது. இதை கொண்டு வந்த அரசு நிறுவனத்தின் கீழ் தான் நம்ம திருச்சி துப்பாக்கி தொழிற்சாலையும் இருக்கிறது.

திரும்பி வந்த பெயர்

வெப்லி கம்பெனி 1970-களின் இறுதியில் துப்பாக்கி தயாரிப்பை நிறுத்தியது. பிறகு அந்த பெயர் ஏர்கன்களில் தான் அதிகம் தென்பட்டது. 2020-ம் ஆண்டு லக்னோவை சேர்ந்த ஒரு நிறுவனத்துடன் கை கோர்த்து, ஹர்தோய் மாவட்டம் சண்டீலாவில் பாயிண்ட் 32 ரிவால்வர் தயாரிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. விலை சுமார் ரூ.1 லட்சத்து 60 ஆயிரம் என்று அப்போது கூறப்பட்டது.

விலையோடு வரியும் சேரும். ரிவால்வருக்கு முன்பு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025-ம் ஆண்டு செப்டம்பரில் 40 சதவீதம் ஆனது.

"பழசு தான் ஒசத்தி"

பழைய வெப்லியை விரும்புபவர்கள் சொல்லும் காரணம் சும்மா இல்லை. அந்த காலத்தில் ஒவ்வொரு பாகத்தையும் கைத்தொழில்காரர் அரம் போட்டு ராவி பொருத்தினார். அதனால் குதிரை வெண்ணெய் மாதிரி நகரும். கருநீல மெருகு கண்ணை பறிக்கும். கான்பூர் ரிவால்வரில் குதிரை கனமாக இருக்கிறது, மெருகு சொரசொரப்பு என்பது அவர்களின் குறை.

"புதுசு தான் நம்பலாம்"

மறு தரப்பு சொல்வதும் நியாயம் தான். பழசில் ஒரு ஸ்பிரிங் உடைந்தால் எங்கே போவது? தயாரித்த தொழிற்சாலையே இல்லை. 80 வருடம் சுட்ட இரும்பு தேயாமலா இருக்கும்? புதுசு என்றால் உதிரி பாகம் கேட்டு வாங்கலாம், கோளாறு என்றால் கம்பெனியிடம் அனுப்பலாம் என்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே சண்டை

இது நம்ம ஊர் சண்டை மட்டும் இல்லை. அமெரிக்காவின் கோல்ட் கம்பெனி 1955-ம் ஆண்டு 'பைத்தான்' என்ற ரிவால்வரை கொண்டு வந்தது. 2005-ம் ஆண்டு நிறுத்தியது. 2020-ம் ஆண்டு மறுபடியும் புது வார்ப்பில் விற்பனைக்கு விட்டது. பாகங்களை குறைத்து, துருப்பிடிக்காத எக்கில் செய்தார்கள்.

உடனே "கையால் பொருத்திய அந்த வழவழப்பு போச்சு" என்று ஒரு கூட்டம். "பழசு அழகு, ஆனால் அடிக்கடி சுட்டால் உருளை நேர் தவறும். புதுசு தாங்கும்" என்று இன்னொரு கூட்டம். புதுசு வந்த வேகத்தில் சிலவற்றில் கோளாறு என்று புகாரும் கிளம்பியது. ஆக, பழசு என்பதால் உறுதியும் இல்லை. புதுசு என்பதால் குறை இல்லாமலும் இல்லை.

என்ன பார்க்க வேண்டும்?

பழசோ, புதுசோ, பார்க்க வேண்டியது நாலு விஷயம்.

ஒன்று, கொக்கி. மூடிய பிறகு குழலும் பிடியும் துளி கூட ஆடக்கூடாது. ஆடினால் கீல் தேய்ந்து விட்டது என்று அர்த்தம்.

இரண்டு, உருளையின் நேர். சுத்தியை இழுத்து நிறுத்தும்போது ஓட்டையும் குழலும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் குண்டின் ஈயம் சீவப்பட்டு, தீயோடு பக்கவாட்டில் தெறிக்கும். சுடுபவர் கையும் முகமும் தான் முதலில் பலியாகும்.

மூன்று, குழலின் உட்புறம். துரு அரித்து குழி விழுந்திருந்தால் எந்த பெயர் பொறித்திருந்தாலும் பயன் இல்லை.

நாலாவது தான் முக்கியம். பேப்பர். துப்பாக்கியில் உள்ள எண்ணும் லைசென்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முதல் மூன்றையும் லைசென்சு பெற்ற துப்பாக்கி கடையில் சோதித்துக் கொள்ளலாம். "நமக்கு தெரிஞ்ச பட்டறை ஆள் சரி பண்ணிடுவாரு" என்று போகக்கூடாது. லைசென்சு இல்லாமல் துப்பாக்கி செய்வது மட்டும் இல்லை, பழுது பார்ப்பதும் குற்றம். 2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட ஆயுத சட்டப்படி இதற்கு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் வரை சிறை.

அப்பா வைத்திருந்த துப்பாக்கி

பழைய துப்பாக்கியில் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில் தான். லைசென்சு என்பது ஆளுக்கு தான், வீட்டுக்கு இல்லை. லைசென்சுதாரர் இறந்து விட்டால், துப்பாக்கியை போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் கலெக்டரிடம் லைசென்சு வாங்கிய பிறகு தான் அதை எடுக்க முடியும்.

"எங்கப்பா ஞாபகமா இருக்கட்டும்" என்று பரணில் போட்டு வைத்தால், ஞாபகத்தோடு வழக்கும் வரும். லைசென்சு இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். 2019-ம் ஆண்டு முதல் 2 மட்டுமே. 21 வயது நிரம்பாதவர்களுக்கு பொதுவாக லைசென்சு கிடையாது.

மலையில் கதை வேறு

கல்வராயன் மலையில் ஒன்றரை லட்சம் ரூபாய் ரிவால்வர் வாங்குகிறவர்களை தேட வேண்டும். இங்கே துப்பாக்கி என்றால் நாட்டுத்துப்பாக்கி தான். குழல் வாய் வழியாக மருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டு கெட்டிக்கும் ரகம். மரவள்ளி கிழங்கை பன்றி தோண்டுகிறது, ராத்திரி காவலுக்கு வேண்டும் என்பார்கள். ஆனால் நாட்டுத்துப்பாக்கி பறிமுதல், வாலிபர் கைது என்ற செய்தியில் தான் அது முடிகிறது.

ரிவால்வரில் பார்த்த அதே நாலு சோதனையை இதற்கு வைத்தால் எதிலும் தேறாது. தண்ணீர் குழாயை குழலாக மாட்டியிருப்பார்கள். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று செய்தவருக்கே தெரியாது. மருந்து கொஞ்சம் கூடினால் குழல் வெடித்து விரல் போகும், கண் போகும். எண்ணும் கிடையாது, பேப்பரும் கிடையாது.

பலருக்கு தெரியாத ஒன்று, இதற்கு சட்டத்திலேயே வழி இருக்கிறது. உண்மையாகவே பயிர் பாதுகாப்புக்காக, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு கேட்கலாம் என்று 1959-ம் ஆண்டு ஆயுத சட்டமே சொல்கிறது. கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும்.

அதற்காக லைசென்சு கிடைத்தால் கண்ணில் பட்டதை சுடலாம் என்று அர்த்தம் இல்லை. வன விலங்கை வேட்டையாடினால் 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டம் பாயும். காட்டுப்பன்றி விஷயத்தில் 2025-ம் ஆண்டு தமிழக அரசு கொடுத்த அனுமதி கூட வனத்துறையினருக்கு தான். அதுவும் காப்புக்காட்டில் இருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் தான்.

ஆகவே வெப்லியா, கான்பூரா என்று கடையில் தகராறு பண்ணுகிறவர்கள் பண்ணட்டும். இங்கிலாந்து முத்திரைக்கு கொடுக்கும் காசு அந்த முத்திரைக்கு மட்டும் தான். கையை காப்பாற்றுவது ஆடாத கொக்கியும் நேரான உருளையும். ஜெயிலில் இருந்து காப்பாற்றுவது லைசென்சு. வீட்டு பரணில் பெரியவர் விட்டுப்போன துப்பாக்கி இருந்தால், நாளைக்கு என்று தள்ளாமல் அருகில் உள்ள போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி விடுவது நல்லது.