உயர்நிலை ஆங்கிலச் சொல்வளம்: அரிய சொற்களுக்கு முன் கற்க வேண்டிய 570 சொற்குடும்பங்கள்

ஐரோலி: நவி மும்பையின் ஐரோலியில் உள்ள தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணி பெற விரும்பும் தமிழ் இளைஞர்களுக்கு ஆங்கிலச் சொல்வளம் இன்றியமையாத தேவையாக உள்ளது. தாராவி உள்ளிட்ட பகுதிகளில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் பயின்று, மாட்டுங்கா, செம்பூர் கல்லூரிகளில் ஆங்கிலவழிக் கல்விக்கு மாறும் மாணவர்கள் இத்தேவையைப் பாடநூலின் முதல் பக்கங்களிலேயே எதிர்கொள்கின்றனர்.

சொல்வளம் என்றதும் பலரும் அரிய சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்யத் தொடங்குகின்றனர். ஆனால், மொழியியல் ஆய்வுகள் காட்டும் வழி வேறு.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராகப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்க மாணவர்களின் வாசிப்புச் சிக்கலை ஆராய்ந்தவர். மிகுதியாகப் பயன்படும் சொற்களை முதலில் கற்பிக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. ஏறத்தாழ 2,000 சொற்குடும்பங்களைக் கொண்ட அவரது பொதுச் சொற்பட்டியல் 1953-இல் வெளியானது.

அதன் தொடர்ச்சியாக, நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் கோக்ஸ்ஹெட் சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்விசார் நூல்களையும் கட்டுரைகளையும் ஆராய்ந்து, 570 சொற்குடும்பங்களைக் கொண்ட கல்விச் சொற்பட்டியலை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அத்தகைய எழுத்தில் 100 சொற்களுக்கு ஏறத்தாழ 76 சொற்கள் வெஸ்டின் பட்டியலிலும், மேலும் 10 சொற்கள் இந்த 570 குடும்பங்களிலும் அடங்கும். எஞ்சியவை துறைச்சொற்கள், பெயர்கள், அரிய சொற்கள் ஆகியவையே.

'அனலைஸ்', 'அஸ்யூம்', 'டெரைவ்', 'சிக்னிஃபிகன்ட்' போன்றவை இப்பட்டியலில் உள்ளவை. இவை கடைவீதிப் பேச்சில் அரிதாகவே வரும். ஆனால் பாடநூலிலும் அலுவலக அறிக்கையிலும் அடிக்கடி வரும். அன்றாட ஆங்கிலம் அறிந்த மாணவரும் பாடநூலில் தடுமாறுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சொற்குடும்பம் என்பது தமிழருக்குப் புதிதன்று. 'பகு' என்னும் வேரிலிருந்து பகுதி, பகுப்பு, பகுப்பாய்வு ஆகியன பிறப்பதுபோல, 'அனலைஸ்' என்பதிலிருந்து 'அனாலிசிஸ்', 'அனலிஸ்ட்', 'அனலிட்டிக்கல்' ஆகியன பிறக்கின்றன. ஒன்றைக் கற்றால் மற்றவை எளிதில் வசப்படும்.

பொருளைத் தாய்மொழியில் தெளிவாக அறிவதும் பயனளிக்கும். அ. சிதம்பரநாதன் செட்டியாரை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் இதற்கு உதவும்.

எனினும் பொருள் மட்டும் போதாது. ஒரு சொல் எச்சொல்லுடன் சேர்ந்து வருகிறது என்பதையும் அறிய வேண்டும். 'ஸ்ட்ராங் டீ' என்பது ஆங்கில வழக்கு; ஏறக்குறைய அதே பொருள் தரும் 'பவர்ஃபுல்' அவ்விடத்தில் பொருந்தாது. ஆகவே, ஒவ்வொரு சொல்லையும் அது இடம்பெற்ற முழு வாக்கியத்துடன் குறித்துக்கொள்வதே நன்று.

கற்றவற்றின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே விரைவாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஆகவே, ஒரே இரவில் 50 சொற்களைப் படிப்பதைவிட, மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது நிலைக்கும். அப்போது விடையைப் பார்க்காமல் நினைவுகூர முயல வேண்டும்.

வாரத்திற்கு 10 குடும்பங்கள் வீதம் கற்றால் 57 வாரங்களில் 570-ஐயும் முடிக்கலாம். கல்லூரியில் சேர்ந்த நாளில் தொடங்கும் மாணவர், இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் இப்பட்டியலைக் கடந்திருப்பார்.

பிறர் உதவியின்றி ஆங்கில நாளிதழ்களையும் நாவல்களையும் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்பது பால் நேஷன் என்ற ஆய்வாளரின் 2006-ஆம் ஆண்டுக் கணிப்பு. அரிய சொற்களுக்கு உரிய இடம் அந்த நெடிய பயணத்தில் உண்டு. பகுதிநேரப் பணிக்கும் படிப்புக்கும் இடையே குறைந்த நேரமே கிடைக்கும் மாணவர்கள், அந்நேரத்தை முதலில் இந்த 570 குடும்பங்களுக்குச் செலவிடுவதே கூடுதல் பயன் தரும்.