நிழல் தரும் சான்று

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி. புகைப்படத்திலோ, நிழலின் அருமை அது இல்லாதபோதே தெரிகிறது.

நம் உறவினர் இல்லத் திருமணப் படமொன்றில், முன்னரே காலமாகிவிட்ட மணமகளின் தந்தையையும் நிற்கவைக்க விரும்பினர். பழைய சிறு படத்தைக் கொண்டு, கணினி வழியே முழு உருவம் அமைத்துச் சேர்த்துத் தந்தது ஒரு நிலையம். முகமும் சட்டை மடிப்பும் பிசகவில்லை. ஆயினும் படத்தை வாங்கிப் பார்த்த தாயார் மகளிடம், "மக்களே, ஒன் வாப்பா தரையில நிக்கலியே!" என்றார். முற்றத்து மணலில் மற்றவர் அனைவர்க்கும் நிழல் இருந்தது. அவருக்கு மட்டும் இல்லை.

மறுமுறை நிழலிட்டுக் கொணர்ந்தனர். அதுவும் பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

திசையும் நீளமும்

நிழலின் திசையும் நீளமும் கதிரவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை. சமதளத்தில் நிழல் பொருளின் உயரத்துக்குச் சமமாயின், கதிரவன் 45 பாகை உயரத்தில் உள்ளது. நிழலளந்து அஸர் நேரம் கணித்த நம் முன்னோர்க்கு இக்கணக்குப் புதிதன்று. படத்தில் 6 அடி மனிதரின் நிழல் 9 அடியாயின், அருகில் சேர்க்கும் 4 அடிச் சிறுவனின் நிழல் 6 அடியாதல் வேண்டும்.

தோல்பாவை கூறும் பாடம்

நாஞ்சில் நாட்டுத் தோல்பாவைக் கூத்தில், பாவை திரையோடு ஒட்டியிருக்கையில் நிழலின் விளிம்பு கூர்மையாய்த் தெரியும். அதனை விளக்கை நோக்கிப் பின்னிழுத்தால் நிழல் பெருத்து, விளிம்பு மங்கும். சுடர் ஒரு புள்ளியன்று, பரப்புடையது. அதன் ஒளி ஒரு பகுதி மறைந்தும் ஒரு பகுதி வீழ்ந்தும் அமையும் எல்லையே புறநிழல்.

கதிரவனும் புள்ளியன்று, வானில் ஏறத்தாழ அரைப் பாகை அகலமுடையது. எனவே ஒளி செல்லும் வழியில் 1 மீட்டர் தொலைவில் வீழும் நிழலின் விளிம்பு ஏறத்தாழ 9 மில்லிமீட்டரும், 10 மீட்டரில் 9 சென்டிமீட்டரும் மங்கும். மனிதனின் நிழல் பாதத்தருகே கூர்மையாகவும் தலைப்பக்கம் மென்மையாகவும் இருப்பது இதனால்தான். நிலையத்தார் இட்ட நிழலோ எங்கும் ஒரே கூர்மையுடன் இருந்தது.

நிறம்

நிழல் முழுக் கருமையன்று. கதிரவனின் நேரொளி மறைந்த இடத்திலும் வானத்தின் நீலவொளி வீழ்கிறது. அருகிலுள்ள சுவரின் நிறமும் சிறிது படிகிறது. ஆகவே, அதே படத்திலுள்ள மெய்யான நிழல்களை அளந்தே புதிய நிழலின் நிறத்தையும் அடர்த்தியையும் முடிவுசெய்தல் வேண்டும்.

கணினி செய்யும் முறை

படத்திலுள்ள தரையின் சாய்வுக்கும் கேமராவின் உயரத்துக்கும் ஒத்த ஒரு தளத்தைக் கணினியில் அமைப்பர். அத்தளம் கண்ணுக்குப் புலப்படாது. நிழலை மட்டும் ஏந்தும். உருவத்துடன் ஒருமுறையும் உருவமின்றி ஒருமுறையும் அதன் ஒளியைக் கணக்கிட்டு, வேறுபாட்டை மட்டும் புகைப்படத்தில் சேர்ப்பர். மணலின் பருக்கை அழியாது. ஒளி மட்டும் குறையும். 1998-இல் பால் டெபவெக் இம்முறையை விளக்கினார். படப்பிடிப்பு இடத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் கோளம் ஒன்றை வைத்துப் பல ஒளியளவுகளில் படமெடுத்தால், எத்திசையிலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்பது தெரியும். 2010-இல் வெளிவந்து, சிறப்புக் காட்சியமைப்புக்கான தேசிய விருது பெற்ற 'எந்திரன்' போன்ற படங்களில் கணினி உருவங்கள் மெய்யான இடங்களில் உலவுவதைக் கண்டோம். அவை நம்பத்தக்கனவாகத் தோன்ற ஒளியும் நிழலும் பொருந்தியாக வேண்டும்.

நமது பொறுப்பு

ஒரே ஒளியில் எடுத்த படத்தில், ஒவ்வொரு நிழல்முனையையும் அதற்குரிய பொருள்முனையையும் இணைக்கும் கோடுகளை நீட்டினால், அவை பொதுவாக ஒரே புள்ளியில் கூடும். 2013-இல் ஹானி ஃபரீதும் உடன் ஆய்வாளர்களும் நிழல்களின் இம்முரண்பாட்டைக் கொண்டே போலிப் படங்களைக் கண்டறியும் வழியை வெளியிட்டனர். பொருத்தமாக நிழலிட உதவும் விதியே பொய்யைக் காட்டிக்கொடுக்கவும் உதவுகிறது.

மூன்றாம் முறை படம் செம்மையாக வந்தது. தாயார் நெடுநேரம் பார்த்திருந்தார். பின்னர் மகளிடம், அதன் பின்புறத்தில் வாப்பா இறந்த ஆண்டையும் திருமணம் நடந்த ஆண்டையும் எழுதச் சொன்னார். பேரப்பிள்ளைகள் தவறாக எண்ணிவிடலாகாது என்பது அவர் கருத்து. நிழலைச் செம்மையாக இடக் கற்கும் மாணவர்கள் இதனையும் சேர்த்துக் கற்பார்களாக.