நம்பர் மாறவில்லை, வண்டி மாறிவிட்டது

“கீழ்ப்பாதி உன்னோடது, நம்பர் அப்படியே இருக்கு. மேல எந்த பிளாக் போட்டா யாருக்குத் தெரியப்போகுது தம்பி?” பழைய ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் ஏதாவதொரு பட்டறையில் இந்த வார்த்தையைக் கேட்டிருப்பார்கள். ஆவடியை அடுத்த பருத்திப்பட்டுப் பக்கம் இப்படிச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆவடியில் ராணுவ டாங்கிகளுக்கு இன்ஜின் செய்யும் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை, பாடியில் லூகாஸ் டிவிஎஸ் என்று சுற்றிலும் இரும்போடு புழங்கிய கைகள். திறமையில் குறை சொல்ல முடியாது. அந்தப் பேச்சில்தான் பாதி தப்பு.

இன்ஜின் நம்பர் கிராங்க்கேஸில் பொறிக்கப்பட்டிருக்கும். பிளாக்கையும் ஹெட்டையும் மாற்றினால் அது மாறாது என்பது உண்மைதான். ஆனால் ஆர்.சி.யில் நம்பர் மட்டுமா இருக்கிறது? சிசி என்றும் ஒரு வரி இருக்கிறது. ஆர்எக்ஸ் 100க்கு 98. அதன்மேல் ஆர்எக்ஸ் 135இன் பிளாக்கை ஏற்றினால் ஓடுவது 132 சிசி வண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுப்பது இதைத்தான்: தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கும் ஆர்.சி. விவரத்துக்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் தண்டனையும் வந்தது: 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டத்தைத் தள்ளிவைத்து இரும்பைப் பார்ப்போம். ஆர்எக்ஸ் 100இல் போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 50. ஆர்எக்ஸ் 135இல் போர் 58, ஸ்ட்ரோக் அதே 50. இந்த ஒற்றுமைதான் ஆசையைத் தூண்டுகிறது. ஆனால் போர் 8 மில்லிமீட்டர் கூடினால் பிஸ்டன் தலையின் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடும். உள்ளே அழுத்தம் அதேதான் என்றாலும், கனெக்டிங் ராட் மேலும் பிக் எண்ட் பேரிங் மேலும் இறங்கும் அடி அதே அளவு கூடும். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996இலேயே நின்றுவிட்டது. அந்த பேரிங்கின் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜினைப் பிரிக்கும் முன்பே அளந்து எழுதவேண்டியவை சில உண்டு: பிஸ்டன் பின்னின் விட்டம், ராடின் நீளம், கிராங்க்கேஸ் வாய்க்குள் பிளாக்கின் கழுத்து இறங்குகிறதா, டாப்பில் வரும்போது பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது. நிதானமான மெக்கானிக் பிளக் துளை வழியே மெல்லிய ஈயக் கம்பியை விட்டு, கிராங்க்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியை வெர்னியரில் அளப்பார். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி அதில் தெரிந்துவிடும். ஹெட்டை லேத்தில் கடைந்து இறக்கினால் கம்ப்ரெஷன் எங்கே போகும் என்பதும் எளிய கணக்கு. எரியறையில் மிஞ்சும் இடம் 15 சிசி என்று வைத்துக்கொண்டால் 132 சிசி இன்ஜினுக்கு விகிதம் 9.8. அந்த இடம் 12 ஆகச் சுருங்கினால் அதுவே 12. சாதா பெட்ரோலில் இன்ஜின் இடிக்க ஆரம்பிக்கும். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் பெட்ரோல் போதாமல் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பின்னால் டிப்பர் லாரி வரும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

இரண்டு இன்ஜினைச் சேர்த்து உருப்படியாகச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் பால் கார்பெரி இரண்டு 500 சிசி புல்லட்டின் மேல்பாதிகளை வைத்து 1000 சிசி வி-ட்வின் செய்தார். அமெரிக்காவின் ஒஹாயோவில் அனிகேத் வர்தன் புல்லட் பாகங்களைக் கொண்டு ‘மஸ்கட்’ என்ற வி-ட்வினைச் செய்தார். இருவருமே கிராங்க்கேஸைப் புதிதாக வடிவமைத்து வார்த்தார்கள். கழற்றி மாட்டுவதோடு அந்த வேலை முடியவில்லை.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கை. இருசக்கர வாகனங்களுக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் 75 முதல் 150 சிசி வரை ஒரே படி. 98ஐ 132 ஆக்கினாலும் பிரீமியம் மாறாது. புல்லட்டில் அப்படியல்ல, 346ஐ 499 ஆக்கினால் அடுத்த படிக்குப் போய்விடும். ஆனால் பிரீமியம் ஒன்றுதான் என்பதால் மறைத்தது சரியாகிவிடாது. விபத்துக்குப் பின் சர்வேயர் பிரித்துப் பார்த்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான க்ளெய்ம் மறுக்கப்படலாம். அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்த பணத்தை உங்களிடமே வசூலிக்க வழக்குப் போடவும் வாய்ப்பு உண்டு.

புதுப்பேட்டையிலோ காயலான் கடையிலோ முழு இன்ஜின் வாங்குபவர்களுக்கு இன்னொரு ஆபத்து. திருட்டு வண்டியின் இன்ஜின் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. பில் தராத கடையில் வாங்காதீர்கள். நம்பரை ராவித் தேய்த்த தடயம் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம்.

நேர்வழியும் இருக்கிறது. இன்ஜின் உண்மையிலேயே செத்துவிட்டால், அதே கம்பெனி, அதே மாடல் இன்ஜினை பில்லோடு வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் அனுமதி பெற்று மாற்றுங்கள். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யில் பதிய வேண்டும். வண்டி கடனில் இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும். கலப்பு இன்ஜின் கட்டியே தீருவேன் என்பவர்கள் அதை டாடா ஏஸில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோகலாம். அங்கே போட்டி விதிகள்தான் அளவுகோல். பொதுச்சாலையில் ஓட்டிப் போகக் கூடாது.

கலப்பு இன்ஜின் என்று தெரியாமல் வாங்கிவிட்டீர்களா? 15 வருடம் தாண்டிய எல்லா ஆர்எக்ஸுக்கும் 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவுப் புதுப்பிப்பு வரும். அதற்கு முன்பே பழைய பிளாக், ஹெட்டுக்கு மாற்றி பில்களை வைத்துக்கொள்ளுங்கள். விற்றது கடைக்காரராகவோ டீலராகவோ இருந்தால், அல்லது மெக்கானிக் உங்களைக் கேட்காமலேயே மாற்றியிருந்தால், அது நுகர்வோர் வழக்கு. ஆவடிப் பக்கத்தவர்கள் 2 ஆண்டுக்குள் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. முதலில் 1915க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். பக்கத்துத் தெருக்காரரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் மட்டும் அந்த ஆணையம் உதவாது. சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் காவல் நிலையம். எங்கே போனாலும் முதலில் கேட்பது எழுத்தில் என்ன இருக்கிறது என்றுதான். எனவே வண்டியை விடும்போதே எந்தப் பாகம் மாறுகிறது, எந்த வண்டியினுடையது, என்ன விலை என்று பட்டறைக்காரரிடம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.