இஞ்சி பாஸ்! மஞ்சள் பெயில்!
மார்பகப் புற்றுநோய் சிகிச்சைத் தொல்லைக்கு மூலிகை: பரீட்சையில் நடந்தது என்ன?

பெரும்பாக்கம்:

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்ட பெண் குமட்டலோடு வீடு திரும்புகிறார். பக்கத்து வீட்டிலிருந்து முதலில் வருவது என்ன? ஒரு டம்ளர் கஷாயம்தான்!

பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்பு ஆனாலும் சரி, மேடவாக்கம் தனி வீடு ஆனாலும் சரி, இதுதான் வழக்கம். "பாட்டி வைத்தியம்தானே, என்ன ஆயிடப் போகுது?" என்பார்கள்.

சென்னைப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்குத்தான் முதலிடம். ஆகவே இது பல வீட்டுப் பிரச்சினை.

பெரும்பாக்கத்திலேயே பெரிய தனியார் ஆஸ்பத்திரி உண்டு. அடையாறு போனால், 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. மேடவாக்கம் வழியாக மறுபக்கம் போனால், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2005-ல் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தது.

இங்கிலீஷ் மருந்தும் கைக்கு எட்டும் தூரம். மூலிகையும் கைக்கு எட்டும் தூரம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

உலகின் பல ஊர்களில் டாக்டர்கள் இதைப் பரீட்சை வைத்தே பார்த்துவிட்டார்கள். அதன் விவரம் வருமாறு:-

சீட்டுக் குலுக்கல்

பரீட்சை நடத்தும் முறை எளிமையானது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டு கோஷ்டியாகப் பிரிப்பார்கள். ஒரு கோஷ்டிக்கு மூலிகை மாத்திரை. இன்னொரு கோஷ்டிக்கு அதே நிறம், அதே அளவில் வெற்று மாத்திரை.

யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. கடைசியில்தான் கணக்கைப் பிரிப்பார்கள். "சாப்பிட்டேன், நல்லா இருக்கு" என்ற பேச்சுக்கு இங்கே மார்க் கிடையாது!

இஞ்சிக்கு வெற்றி

அமெரிக்காவில் மருந்து ஏற்றிக்கொண்ட 576 பேரிடம் இஞ்சி பரீட்சிக்கப்பட்டது. முடிவு 2012-ல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள்.

மருந்து ஏற்றுவதற்கு 3 நாள் முன்பிருந்தே இஞ்சி மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் வழக்கமாகக் கொடுக்கும் வாந்தி மாத்திரையும் உண்டு. மருந்து ஏற்றிய அன்று வரும் குமட்டல் குறைந்தது. தினம் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை சாப்பிட்டவர்களுக்கு அதிகப் பலன். ஒன்றரை கிராம் சாப்பிட்டவர்களுக்கு அந்த அளவு இல்லை. அதிகம் தின்றால் அதிக நன்மை என்பது இங்கே பொய்த்தது.

டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியிலும் எலும்புப் புற்றுநோய் வந்த சிறுவர், இளைஞர்களுக்கு இஞ்சிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் வந்த அந்த முடிவும் இஞ்சிக்குச் சாதகம்தான்.

ஆனால் எல்லா இடத்திலும் இஞ்சி ஜெயிக்கவில்லை. 2017-ல் வெளியான இத்தாலி பரீட்சையில், சிஸ்பிளாட்டின் என்ற கடுமையான மருந்து ஏற்றியவர்களுக்கு இஞ்சியால் பலன் இல்லை.

மஞ்சள் கதை

மார்பில் கரண்ட் வைத்தால் தோல் சிவக்கும், கறுக்கும், சிலருக்கு உரிந்து புண்ணாகும். இதற்கு மஞ்சளின் சத்தான குர்குமின் உதவுமா என்று அமெரிக்காவில் பார்த்தார்கள்.

முதலில் 30 பேரிடம் நடந்தது. தினம் 6 கிராம். தோல் புண் குறைந்தது என்று 2013-ல் முடிவு வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி!

அப்புறம் 686 மார்பகப் புற்றுநோய் நோயாளிகளைச் சேர்த்துப் பெரிய பரீட்சை வைத்தார்கள். 2018-ல் முடிவு. மஞ்சள் மாத்திரைக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசமே இல்லை! 30 பேரை வைத்து முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே பாடம்.

சோற்றுக் கற்றாழையும் தப்பவில்லை. 2002-ல் வெளியான ஆஸ்திரேலியப் பரீட்சையில் 225 பெண்கள். கற்றாழை தடவியவர்களைவிட சாதாரணக் களிம்பு தடவியவர்களுக்கே தோல் உரிதலும் வலியும் குறைவாக இருந்தது.

களைப்புக்கு அமுக்கரா (அசுவகந்தா) கொடுத்து மலேசியாவில் 100 மார்பகப் புற்றுநோய் நோயாளிகளிடம் பார்த்தார்கள். 2013-ல் வந்த முடிவுப்படி களைப்பு குறைந்தது. ஆனால் அங்கே வெற்று மாத்திரையும் இல்லை, சீட்டுக் குலுக்கலும் இல்லை. ஆகவே அமுக்கரா இன்னும் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறது. அமுக்கரா சாப்பிட்ட சிலருக்கு ஈரல் கெட்டதாகவும் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மஞ்சளும் மிளகும்

கவனிக்க வேண்டிய விஷயம் இனிமேல்தான் வருகிறது.

சிகிச்சை முடிந்த பெண்கள் பலருக்கு, நோய் திரும்பாமல் இருக்க டாமோக்சிபன் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் கொடுப்பார்கள். அது உடம்பில் வேறு பொருளாக மாறித்தான் வேலை செய்யும்.

ஹாலந்து நாட்டில் 16 பேரிடம் இதோடு குர்குமினும் மிளகுச் சத்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். வேலை செய்யும் அந்தப் பொருள் ரத்தத்தில் சுமார் 12 சதவீதம் குறைந்துபோனது! 2019-ல் வந்த தகவல் இது.

குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயம் வேண்டாம். மாத்திரையாகவும் கரண்டிக் கணக்கிலும் விழுங்குவதுதான் வம்பு. தொல்லை தீர என்று சாப்பிடுவது, உயிர் காக்கும் மருந்தின் காலை வாரிவிடலாம்.

மருந்து ஏற்றியபின் ரத்தத்தில் வெள்ளை அணு குறையும். அந்த நாட்களில் சரியாகக் கழுவாத பச்சிலைச் சாறு குடித்தால் கிருமி தொற்றும் அபாயமும் உண்டு.

சுடுகாட்டு மல்லி

அப்படியானால் மூலிகையே வேண்டாமா? அதுவும் தவறு.

நம்மூர் சுடுகாட்டில் தானாக வளரும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்றும் பாக்ளிடாக்சலும் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்ததே. செடி மருந்தானது பரீட்சையில் தேறிய பிறகு!

சட்டம் என்ன சொல்கிறது?

"மூலிகையால் புற்றுநோய் குணமாகும்" என்று விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் ஓராண்டு வரை ஜெயில்.

புதிய மருந்தைப் பரீட்சிக்கிறோம் என்று யாராவது அழைத்தால், அது மத்திய அரசின் பரீட்சைப் பதிவேட்டில் உள்ளதா என்று கேட்கலாம். 2009-ம் ஆண்டு முதல் இந்தப் பதிவு கட்டாயம். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். நடுவில் விலகவும் உரிமை உண்டு.

நாட்டு மருந்து வாங்கினால் பாட்டிலில் லைசென்ஸ் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். சித்த மருந்து வேண்டுமானால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். அவரிடம் புற்றுநோய் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுங்கள்.

அதேபோல, வீட்டில் குடிக்கும் கஷாயத்தின் பெயரைப் புற்றுநோய் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவாரோ என்று தயங்கினால் நஷ்டம் நோயாளிக்குத்தான். அடுத்த முறை மருந்து ஏற்றப் போகும்போது, கஷாயப் பாட்டிலையும் பையில் எடுத்துச் செல்லுங்கள்!