வாயோலையும் திறவுச்சொல்லும்: உத்திரமேரூர் வட்டாரக் களப்பதிவுகளைப் படத்தொகுப்பிற்கு ஒழுங்குசெய்தல்

ஆய்வுச்சுருக்கம்

நாட்டார் வழக்காற்றியல், கல்வெட்டியல் ஆகிய துறைகளில் களப்பணி மேற்கொள்வோர் இன்று எழுத்துக்குறிப்பைவிடக் காணொலியையே மிகுதியாகச் சேர்க்கின்றனர். சேர்த்தவற்றுள் வேண்டிய பகுதியைத் தேடி எடுக்கும் வழி பல திட்டங்களில் வகுக்கப்படுவதில்லை. உத்திரமேரூர் வட்டாரத்துப் பாரதக் கூத்துப் பதிவுகளையும் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுப் பதிவுகளையும் சான்றாகக் கொண்டு, காணொலிக் கோப்புகளுக்குத் திறவுச்சொல்லும் மீத்தரவும் இடும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மீத்தரவு, காணொலி ஆவணம், பாரதக் கூத்து, உத்திரமேரூர், ஒருங்குறி

கட்டின்மேல் ஓர் ஓலை

உத்திரமேரூர் என்றதும் நினைவுக்கு வருவது முதற்பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சார்ந்த (கி.பி. 919, 921) குடவோலைக் கல்வெட்டுகளாகும். வேட்பாளர் தகுதி, வயது, வாரியங்கள் ஆகியன குறித்து நிறையவே எழுதப்பட்டுள்ளது. ஓலைகளைக் கையாண்ட முறையோ அவ்வளவு கவனம் பெறவில்லை. ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்கள் தனித்தனி ஓலைகளில் எழுதப்பட்டன. ஒவ்வொரு குடும்பின் ஓலைகளும் தனிக்கட்டாகக் கட்டப்பட்டு, அக்கட்டு எக்குடும்பினுடையது என்பதைக் காட்டும் வாயோலை அதன்மேல் பூட்டப்பட்டது. அதன் பின்னரே கட்டுகள் குடத்தில் இடப்பட்டன.

அந்த வாயோலை எவரையும் வேட்பாளராக்கவில்லை. உள்ளிருக்கும் ஓலைகளைப் பற்றிய செய்தியை மட்டுமே அது தாங்கியது. தரவைப் பற்றிய தரவு என்று இன்று நாம் கூறும் மீத்தரவின் பணியும் அதுவே. இவ்வொப்புமையை வரலாற்றுத் தொடர்ச்சியாகக் கொள்ளவேண்டியதில்லை. கருத்தைப் புலப்படுத்த உதவும் அளவில் கொண்டால் போதும்.

எட்டு மணி நேர இரவு

திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழ்கின்றன. இரவில் தொடங்கும் கூத்து விடியும்வரை நீளும். வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவாகும் கருவியில் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 45 ஜிகாபைட் சேரும். எட்டு மணி நேரத்திற்கு 360. இரு கருவிகள் எனின் 720. வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எனப் பல இரவுகள் தொடரும் விழாவில் இவ்வளவு எங்கே சென்று நிற்கும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

இக்கோப்புகளுக்குக் கருவி இடும் பெயர் ‘சி0001’, ‘சி0002’ என்பதாகும். அமைப்பைப் பொறுத்து, நினைவட்டையை அழித்துப் புதிதாக்கும்போது எண் மீண்டும் ஒன்றிலிருந்தே தொடங்கக்கூடும். அவ்வாறாயின் துகிலுரிதலின் முதற்கோப்பும் தபசின் முதற்கோப்பும் ஒரே பெயரைத் தாங்கும். எனது தொடக்ககாலப் பதிவுகள் இந்நிலையிலேயே கிடந்தன. முதுகலைஞர் ஒருவர் விடியற்காலையில் திரைக்குள் நின்று பாடிய வரவுப்பாட்டை, அவர் மறைந்தபின் குடும்பத்தார் கேட்டனர். பதிவு வட்டில் இருந்தது என்பதில் ஐயமில்லை. கண்டெடுக்க நான்கு மாலைப்பொழுதுகள் ஆயின. பிழை முழுவதும் என்னுடையது. ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

மூவகைச் செய்தி

பதிவான நேரம், படச்சட்ட வேகம், ஒளிவில்லை போன்ற தொழில்நுட்பச் செய்திகளில் பெரும்பகுதியைக் கருவியே எழுதிக்கொள்கிறது. கருவியின் கடிகாரம் சரியாக உள்ளதா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்வது மட்டுமே நம் வேலை. இரு கருவிகளின் கடிகாரங்கள் பிசகினால் இணைத்துத் தொகுப்பது துன்பமாகும். உரிமை, ஒப்புதல் பற்றிய செய்தி இரண்டாவது வகை. மூன்றாவது, காட்சியில் உள்ளது யாது என்னும் விவரிப்பு, திறவுச்சொற்கள் இதன்பாற்படும்.

விவரிப்பிற்கு அடிப்படையாக டப்ளின் கோர் என்னும் 15 கூறுகள் கொண்ட தரத்தைக் கொள்ளலாம். 1995இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடிய பட்டறையில் தோன்றியதால் அப்பெயர். அயர்லாந்தின் தலைநகருக்கும் இதற்கும் தொடர்பில்லை. தலைப்பு, படைப்பாளர், நாள், இடம், மொழி, உரிமை முதலியன அதிலேயே அடங்கும். கூத்திற்கென நாடகப் பெயர், வேடம், கலைஞர், இசைக்கருவி, நிகழ்த்துநிலை ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் போதுமானது.

படத்தொகுப்பாளருக்கு வேண்டியது இதனினும் நுண்ணியது. ஒரு மணி நேரக் கோப்பு முழுமைக்கும் ‘கட்டியங்காரன்’ என்று ஒரு சொல் இட்டால் அதனால் பயனில்லை. பைனல் கட் புரோவில் கோப்பின் ஒரு பகுதிக்கு மட்டும் திறவுச்சொல் இடலாம். ஒரே பகுதிக்குப் பல சொற்களும் இடலாம். டாவின்சி ரிசால்வில் முழுக்கோப்பிற்குத் திறவுச்சொல்லும் உட்பகுதிக்குக் கால அளவுடைய குறிப்பானும் இடும் வழி உண்டு. ‘முகவீணை’ என்பதையும் ‘அண்மைக்காட்சி’ என்பதையும் இணைத்துத் தேடினால் அவை இரண்டும் பொருந்தும் பகுதிகள் தாமே ஒரு தொகுப்பில் வந்து சேரும். உள்ளடக்கச் சொல்லையும் காட்சியமைப்புச் சொல்லையும் கலவாமல் தனித்தனிப் பட்டியலாக வைத்தல் நன்று.

இச்சொற்கள் பெரும்பாலும் மென்பொருளின் தரவுத்தளத்திலேயே தங்குகின்றன; காணொலிக் கோப்புக்குள் செல்வதில்லை. மென்பொருளை மாற்றினால் உழைப்பு வீணாகும். ஆதலின் அவ்வப்போது எளிய அட்டவணைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, காணொலியுடன் ஒரே அடைவில் வைத்தல் வேண்டும்.

தமிழில் தேடுதல்

தமிழுக்கே உரிய சிக்கல்கள் சில உள. ஒருங்குறியில் ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றை இயல்புப்படுத்தாத மென்பொருளில் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. ஔகாரத்தை ‘ஒ’வும் ‘ள’வுமாகத் தட்டச்சு செய்வது இதனினும் மோசம், இயல்புப்படுத்தினாலும் அது சீராகாது.

சந்தியும் வேற்றுமையும் தேடலைக் குலைக்கும். ‘படுகளத்தில்’ என்று இட்டால் ‘படுகளம்’ எனத் தேடுவோர்க்கு அது அகப்படாது. எனவே எழுவாய் வடிவமே இடுதல் வேண்டும். கட்டியங்காரன், கட்டியக்காரன்; அபிமன்யு, அபிமன்னன்; தெருக்கூத்து, கட்டைக்கூத்து என வழக்குகள் பலவாறாக உள. ஊர்ப்பெயரே உத்திரமேரூர், உத்தரமேரூர் என இருவகையாக எழுதப்படுகிறது. கல்வெட்டில் அது உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். ஒன்றைத் தலைச்சொல்லாகக் கொண்டு மற்றவற்றை அதனோடு இணைக்கும் சொற்பட்டியல், முதற்பதிவிற்கு முன்னரே ஆயத்தமாதல் வேண்டும். தலைச்சொல்லாகக் கலைஞர் வழங்கும் சொல்லையே தேர்வது என் விருப்பம். தெருக்கூத்து, கட்டைக்கூத்து என்னும் பெயர்களிடையே நிலவும் கருத்துவேறுபாட்டை ஆய்வாளர் அறிவர்.

கல்வெட்டுப் பதிவில் இத்தகைய சிக்கல் குறைவு. சுவரின் திசை, பட்டை, வரி எண், ஒளி விழும் பக்கம் ஆகியவற்றை இட்டால் போதும். பக்கவாட்டு ஒளியில் எழுத்துத் தெளிந்த பகுதிக்குத் தனிச்சொல் ஒன்று இடுவது வாசிப்புக்கும் உதவும்.

எதனை இடலாகாது

பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளத்தில் பெண்கள் அழும் காட்சியும், அருள்வந்து ஆடுவோர் முகமும் கருவியில் பதிவாகின்றன. அவை எல்லாருக்கும் உரியவை அல்ல. ‘ஒப்புதல் உண்டு’, ‘ஆய்வுக்கு மட்டும்’, ‘வெளியிடற்க’ என்னும் மூன்றில் ஒன்றேனும் இல்லாத பகுதியைத் தொகுப்பிற்கு எடுக்கலாகாது என்பதை விதியாகக் கொள்ளல் வேண்டும். சாதிப்பெயரைத் திறவுச்சொல்லாக்குவதையும் நான் ஏற்பதில்லை. ஆய்வுக்குறிப்பில் இடம்பெற வேண்டிய சூழலில் அது அங்கே இருக்கலாம். ஒரு சொடுக்கில் மனிதரைச் சாதிவாரியாக அடுக்கித் தரும் வசதி பின்னாளில் எவர் கைக்குச் செல்லும் என்பதை நாம் அறியோம். கலைஞரின் பெயரை மட்டும் தவறாது இடுதல் வேண்டும். வேடம் புனைந்தவர் பெயர் விழா அறிவிப்புகளில் பலவேளை விடுபடுகிறது. மிருதங்கம், ஆர்மோனியம் இசைப்போர் பெயர்கள் அதனினும் மிகுதியாக விடுபடுகின்றன. அன்றிரவே, ஒப்பனை கலையுமுன் கேட்டு எழுதிக்கொள்வதே எளிது; மறுநாள் அக்குழு வேறோர் ஊரில் இருக்கும்.